பழைய நேரம் நாலு மணி

"அத்தை, நிச்சயமாச் சொல்ல எனக்கு ஏலாது. கண் மூடித் திறக்கிற நேரந்தான் பார்த்தனான். ஆனால் எங்கட ஆனந்தன் மாதிரித்தான் கிடக்கு."

பரிஸிலிருந்து மருமகன் யோகலிங்கம் சொன்னதைக் கேட்டதும் புஸ்பராணி தொலைபேசியை இன்னும் இறுக்கிக் காதோடு அழுத்தினாள். தொலைபேசிக் கடைக்காரன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே திருகோணமலையின் வியாழக்கிழமைச் சனம் போய்க்கொண்டிருந்தது.

"எங்கையடா பார்த்தனி? றோட்டிலையோ?"

"ரீவியில அத்தை. றாப் பாட்டின்ர வரலாறு எண்டு ஒரு விவரணப்படம் போட்டவங்கள். கடைசிப் பகுதியில பிரான்சைக் காட்டேக்க ஒரு பாலத்துக்குக் கீழை கொஞ்சப் பெடியள் நிண்டு பாடுறாங்கள். அதுக்குள்ள ஒருத்தன்."

"றாப் எண்டால் என்ன சாமான்?"

"பேசிப் பேசிப் பாடுறது. அமெரிக்காவில கறுப்புப் பெடியள் தொடங்கினது. இப்ப உலகம் முழுக்க."

"மூட்டை தூக்கேக்க கிட்டங்கியில இவன் கத்துறவனே, அது மாதிரியோ?"

யோகலிங்கம் சிரித்தான். பிறகு, "ஓம் அத்தை, கிட்டத்தட்ட அதுதான்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அதைத் திரும்பப் போடுகிறார்கள், ஆசியாப் பக்கமும் அதே நேரம் அந்தச் சனல் வரும், டிஷ் அன்ரனா உள்ள இடத்தில் பார்க்கலாம், "உங்கட நேரம் நாலு மணி" என்று சொல்லிச் சனலின் பெயரை எழுத்தெழுத்தாகக் கடைக்காரனிடம் எழுதுவித்தான். "பெத்த கண்ணுக்குத்தான் அத்தை தெரியும். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

அவள் மகன் ஆனந்தராசா ஏஜென்சிக்குக் காசு கட்டிப் பிரான்சுக்கு வெளிக்கிட்டது தொண்ணூற்றெட்டுக் கார்த்திகையில். தை மாதம் துருக்கியிலிருந்து ஒருதரம் பேசினான். குளிர் என்றான், சாப்பாடு பரவாயில்லை என்றான். மாசியில் அந்தப் பக்கத்துக் கடலில் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் திருகோணமலைப் பெடியள் இரண்டு பேர் இருந்ததாகக் கதை வந்தது. ஏஜென்சிக்காரன் முதலில், போய்ச் சேர்ந்திட்டான் என்றான். பிறகு விசாரிக்கிறேன் என்றான். பிறகு அவன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. பதினேழு மாதமாக ஒரு கடிதமில்லை, ஒரு அழைப்பில்லை.

இதையெல்லாம் புஸ்பராணி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதவர் அவள் புருசன் இரத்தினசிங்கம். துறைமுகத்தில் சீமெந்து மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்து முதுகு முறிந்தவர். எட்டு வருசமாகக் கட்டிலும் வாசலுந்தான் அவருக்கு உலகம். "ஒண்டில் இருக்கிறான், இல்லாட்டில் இல்லை. நடுவில நிக்க எனக்கு ஏலாது" என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஐயரைக் கூப்பிட்டுக் கிரியைக்கு நாள் வைத்துவிட்டார். உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருச் செய்து கொள்ளி வைப்பது வழக்கம். திங்கட்கிழமை, ஐயர்மார் இன்னும் விடாத பழைய நேரம் காலமை ஏழு மணி. தர்ப்பைக் கட்டு ஏற்கெனவே வீட்டு மூலையில் கடதாசி சுற்றிக் கிடந்தது. அந்தப் பக்கம் கூட்டுவதைப் புஸ்பராணி நிறுத்தியிருந்தாள்.

பரிஸ் கதையைச் சொன்னபோது அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைதானே? பாத்திட்டு வா. அவன் எண்டால் ஐயரை நிப்பாட்டுவம். இல்லையெண்டால் திங்கள் நடக்கும். அதுக்குப் பிறகு நீ வாய் திறக்கக்கூடாது. சரியே?"

"சரி" என்றாள். வேறு என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை முதலில் போனது றஊப்பின் வீடியோக் கடைக்கு. கல்யாணப் படம், சாமத்தியச் சடங்குப் படம், நடிகர் படம் என்று கூரைவரை கசெற் அடுக்கி வைத்திருந்தான்.

"றாப் வரலாறா? என்ன மாமி, வேலை விட்டு ஆடப் போறீங்களா?" என்று சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். "கசெற்றில அது வராது. டிஷ்தான். கடற்கரை லொட்ஜில ஒண்டு இருக்கு, கேட்டுப் பாருங்க."

லொட்ஜ் வாசல்காரன் அவளை உள்ளே விடவில்லை. நேவிப் பெரியவர்கள் வந்து குடிக்கிற இடம், சாக்குத் தூசி ஒட்டின சீலையோடு ஒரு தமிழ்ப் பொம்பிளை ரீவி பார்க்க வந்தால் தன் வேலைதான் போகும் என்றான். சனிக்கிழமை ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் கந்தோருக்குப் போனாள். கூரையில் வட்டத் தட்டு இருந்தது, கதவு பூட்டியிருந்தது. அதன் பிறகுதான், தான் கூலிக்கு நிற்கிற முதலாளியின் வீட்டு மொட்டைமாடியிலும் அதே மாதிரித் தட்டு நிற்பது நினைவுக்கு வந்தது. பதின்மூன்று வருசமாக அவருடைய அரிசிக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குத் தைக்கிறாள். வீட்டு வாசற்படி ஏறியதில்லை.

ஸைனுலாப்தீன் முதலாளி கெட்டவரல்ல, பயந்தவர். நேவி, இயக்கம் என்று இரண்டு பக்கத்துக்கும் பயந்து பயந்து வியாபாரம் செய்து தலை நரைத்தவர்.

"ஆனந்தனா?" என்றார். "என்ட கிட்டங்கியில மூட்டை தூக்கினானே, பாட்டுக் கட்டுற ஹராங்குட்டி?" பாதி ஏச்சு, பாதி செல்லம்.

"ஓம் முதலாளி."

மூட்டை நூறு, முதுகு ஒண்டு. கங்காணி வயித்துக்குச் சோறு ரெண்டு. லொறி ஏற்றும்போது அவன் இப்படி எடுத்துவிட, மற்றக் கூலிகள் காலை உதைத்துத் தாளம் போடுவார்கள். கங்காணி ஒருதரம் கன்னத்தில் அறைந்தான். அடுத்த நாள் அறைக்கும் ஒரு பாட்டு வந்தது. முதலாளி அதைக் கேட்டு ஒளித்திருந்து சிரித்தவர். இப்போதும் உதட்டோரம் இலேசாக அசைந்தது.

"நாளைக்கு மேட்ச் இருக்கு. சரி, வா. ஒரு மணித்தியாலந்தான். ஆருக்கும் சொல்லாத."

ஞாயிறு காலை உள்துறைமுகப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. என்ன, ஏது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் சந்திகளில் நேவி கூடிவிட்டது. புஸ்பராணி இரண்டு இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டை காட்டி, பையைக் கவிழ்த்துக் காட்டி, மூன்றே முக்காலுக்கு முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முதலாளியின் மகள் பரீனா கதிரையைக் காட்டினாள். புஸ்பராணி நிலத்தில் இருந்தாள். நாலு மணிக்குச் சனல் போட்டார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் பெரிய அண்டாவில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"இதென்ன வாப்பா?"

"பாற்கட்டி காய்ச்சுறான். பொறு, வரும்."

வரவில்லை. நாலே கால் ஆனது. பாற்கட்டியை வெட்டினார்கள், மணந்தார்கள், ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள். புஸ்பராணி மணிக்கூட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். சனலின் பெயரைப் பரீனா கடதாசியோடு ஒப்பிட்டாள். சரியாகத்தான் இருந்தது.

நாலு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டார். வைத்துவிட்டு யன்னலைச் சாத்தினார்.

"ரவுண்டப். சந்தியில இருந்து வீடு வீடா வாறானுகளாம்." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "புஸ்பம், கோவிக்காத புள்ள. பொலிசுக்குக் குடுத்த பட்டியல்ல இந்த வீட்டில அஞ்சு பேர். ஆறாவது தலை இருந்தா நான் என்ன பதில் சொல்ற? பின்பக்கத்தால போயிரு. உன்ட படமும் இல்லையே, பாரு. அவன் ஏதோ மாறிச் சொல்லிப்போட்டான்."

புஸ்பராணி எழுந்தாள். நியாயமான மனிதரின் நியாயமான பயம். செருப்பைக் காலில் மாட்டும்போது நாளைக் காலமை கண்ணுக்கு முன் வந்து நின்றது. தர்ப்பைக் கட்டு, ஐயர், ஏழு மணி. பழைய நேரம் ஏழு மணி.

கால் அப்படியே நின்றது.

"முதலாளி, மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்கு மாத்தினது எப்ப?"

"என்ன கேள்வி இது, இந்த நேரத்தில? தொண்ணூற்றியாறில. ஏன்?"

"யோகலிங்கம் வெளிக்கிட்டது தொண்ணூற்றிமூண்டில." அவள் குரல் உயர்ந்தது. "மாத்தினது அவனுக்குத் தெரியாது. அவன் கணக்குக்கு எங்கட நேரம் எண்டால் பழைய நேரந்தான். பழைய நேரம் நாலு மணி. எங்களுக்கு நாலரை!"

மூன்று பேரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். நாலு இருபத்தைந்து.

"அரை மணித்தியாலப் பிழைக்கு என்ட குடும்பத்தை உள்ளுக்குப் போடச் சொல்றியா?" என்றார் முதலாளி.

"வாப்பா, இப்ப அனுப்பினா றோட்டில வெச்சுப் பிடிப்பானுகள்" என்றாள் பரீனா. "எங்கட வீட்டுப் பின்கதவால ஓடுறவள் ஆர் எண்டு கேட்டா அது இன்னும் மோசம். நில்லுங்க." விறுவிறென்று பின்னுக்குப் போய் இரண்டு கிழிந்த சாக்கும் சணல் நூற்கண்டும் சாக்கு ஊசியும் கொண்டுவந்து புஸ்பராணியின் மடியில் போட்டாள். "நாளைக்கு லொறி வருது. அவசரத்துக்குத் தைக்கக் கூப்பிட்டது. அக்கா, தையுங்க. தலை நிமிராதீங்க."

"நிமிராமல் எப்பிடிப் பிள்ளை பாக்கிறது?"

"அது உங்கட கெட்டித்தனம்."

நாலரைக்கு அந்தப் படம் தொடங்கியது. திரை கறுத்தது, நடுவில் வெள்ளை இலக்கம்: 1973. பிறகு கரி பிடித்த மாடி வீடுகளும், எரிந்த கார்களும், றோட்டுக் கரையில் பெரிய பெட்டிகளை வைத்துப் பாட்டுப் போடுகிற பெடியளும் வந்தார்கள். பிரெஞ்சில் யாரோ விளக்கம் சொன்னான். வீட்டில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கினது இலக்கம் மட்டுந்தான்.

அவள் தைத்தாள். வருசம் எப்போது மாறும் என்பதுதான் அவள் கவலை. படகு கவிழ்ந்தது தொண்ணூற்றொன்பது மாசி. தொண்ணூற்றொன்பது எண்டு விழுந்தால் மாசிக்கு முன்னோ பின்னோ ஆருக்குத் தெரியும்? அதையும் தாண்டின இலக்கத்தின் கீழே அவன் முகம் வரவேண்டும். முன்னுக்கு வந்தால் அது அவனில்லை. அந்த வருசங்களில் அவன் இங்கேதான் அரிசி தூக்கினான்.

1979. ஒருவன் இரண்டு இசைத்தட்டை முன்னும் பின்னும் உராய்ந்து சத்தம் எழுப்பினான். அந்த வருசம் ஆனந்தனுக்கு இரண்டு வயது, நெருப்புக் காய்ச்சலில் கிடந்தான். தெருவில் எங்கோ நாய்கள் குரைக்கத் தொடங்கின.

1985. அமெரிக்காவில் கடதாசி மட்டையை விரித்துப் பெடியள் தலையால் சுழன்றார்கள். அந்த வருசம் கிளிவெட்டியில் அவள் தாய்வீடு எரிந்தது. எட்டு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்திழுத்துக்கொண்டு வயலுக்குள்ளால் ஓடினாள். அவளை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

"சுறுக்காப் போகச் சொல்லுங்கோ இவங்களை" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"றீல் ஓட்டுறது நாமில்லையே அக்கா."

மூன்று வீடு தள்ளிக் கதவு தட்டும் சத்தம். முதலாளி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். 1990. 1992. அந்த வருசந்தான் தகப்பன் விழுந்தது, பதினைந்து வயசில் பெடியன் தோளில் மூட்டை ஏறினது. தோள் எலும்பு முற்ற முன்னமே ஏறினதால் வலது தோள் இறங்கிப் போனது. சட்டை போட்டால் ஒரு பக்கம் நழுவி விழும். பக்கத்து வீட்டில் யாரோ உரத்துக் கத்தினார்கள். பிறகு அடக்கினாற்போல் சத்தம் நின்றது. 1996. திரையில் பிரான்ஸ் வந்துவிட்டது. பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறியதைப் பரீனா கண்டு சொன்னாள். பாடுகிறவர்கள் சட்டையோடு தைத்த தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார்கள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போடுகிற கூலிகளைப் போல இருந்தது.

1998.

கதவில் துப்பாக்கிப் பிடியால் இடித்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் அறைகளுக்குள் போய் அலுமாரிகளைத் திறந்தார்கள். மூன்றாமவன் இளைஞன், மீசை அரும்பு, முகமெல்லாம் வியர்வை. பட்டியலை வாங்கி எண்ணினான். பிறகு நிலத்தில் இருந்தவளைக் கண்டான். யார் என்று சிங்களத்தில் கேட்டான். கடையில் வேலை செய்கிற பொம்பிளை, நாளைக்கு லொறி வருகிறது என்று முதலாளி சிங்களத்தில் சொன்னார். அவன் கை நீட்டினான். அவள் அடையாள அட்டையைக் கொடுத்தாள். அவன் அதை வாசிப்பதற்காக வெளிச்சம் தேடித் திரும்பி, ரீவிக்கு நேர் முன்னால் வந்து நின்றான்.

அவன் இடுப்பும் துப்பாக்கியும் திரையை மறைத்தன. அவன் காலுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் மட்டும் அசைந்தது.

"கிளிவெட்டியா?" என்றான். பிறந்த இடம் அட்டையில் இருந்தது, இயக்கம் நடமாடுகிற பக்கம். அவன் குரல் மாறியது. "அங்கே யார் இருக்கிறார்கள்?"

ஒருவரும் இல்லை என்றார் முதலாளி.

"பிள்ளைகள்?"

"மகன் ஒண்டு" என்றாள் அவள். கேள்வி விளங்கியது, துறைமுகத்தில் அவ்வளவு சிங்களம் ஒட்டியிருந்தது.

"மகன் எங்கே?"

படத்தில் பாட்டு நின்றது. வெளிச்சம் அணைந்து அறை மங்கியது. இலக்கம் மாறுகிறது. தொண்ணூற்றொன்பது போய்விட்டதா, இனித்தானா? அவளுக்குத் தெரியவில்லை. மகன் எங்கே? வெளிநாடு என்றால் கடிதத்தைக் காட்டு என்பான். கடிதம் இல்லை. கடிதமில்லாத இருபத்துமூன்று வயதுப் பெடியன் காட்டில் இயக்கத்தோடுதான் இருக்கிறான் என்று எழுதிக்கொள்வான். பிறகு ஜீப், பிறகு முகாம், அவளுக்கு மட்டுமில்லை, இந்த வீட்டுக்கும்.

"கடலில் மூழ்கிச் செத்துவிட்டான்" என்றார் முதலாளி சிங்களத்தில். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

இளைஞனும் அவளைப் பார்த்தான். "உண்மையா அம்மே?"

பதினேழு மாதமாக அந்தச் சொல்லை அவள் வாயில் எடுத்ததில்லை. புருசன் எடுத்தபோது அடுப்பில் கிடந்த சட்டியைத் தூக்கி எறிந்தவள். இப்போது தலையை ஆட்டினாள். ஓம். செத்துவிட்டான்.

இளைஞனின் முகம் இளகியது. அட்டையை அவளிடம் நீட்டுவதற்காக இரண்டு அடி நகர்ந்தான்.

திரை திறந்தது. மூலையில் சின்னதாக 2000.

ஒரு சீமெந்துப் பாலத்தின் கீழே ஆறேழு பெடியள். ஒருவன் கவிழ்த்த தகர டிரம்மில் அடித்தான். முன்னுக்கு ஒருவன் கமெராவைத் திட்டுவது போலப் பாடினான். அவனுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன். வலது தோள் இறங்கி, சட்டை ஒரு பக்கம் நழுவி.

அவன் திரும்பினான்.

தாடி வைத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து மற்றவர்களோடு சேர்ந்து எதையோ கத்தினான். கத்திக்கொண்டே உள்ளங்கையை மேலே காட்டி இரண்டுதரம் அசைத்தான். லொறிக்கு மேலே நிற்கிறவன், அடுத்த மூட்டையைத் தா என்று கீழே நிற்கிறவனுக்குக் காட்டுகிற சைகை. அந்தச் சைகையைப் பார்க்க அவளுக்கு முகமே தேவையில்லை.

போய்விட்டான். வேறு யாரோ வந்து பாடினான்.

புஸ்பராணி அசையவில்லை. சாக்கு ஊசி இடது உள்ளங்கையில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. செத்தவனின் தாய் சிரிக்கக்கூடாது, அழுதாலும் இப்போது ஏன் என்று கேட்பார்கள். அவள் ஊசியை இழுத்து எடுத்து, சாக்கில் குத்தி, அடுத்த தையலைப் போட்டாள். சணல் சிவந்தது.

இளைஞன் ரீவியைத் திரும்பிப் பார்த்தான். தாளத்துக்குத் தலை தானாக இரண்டுதரம் ஆடியது. உள்ளேயிருந்து மூத்தவன் கூப்பிட, போய்விட்டான். வாசற்கதவு சாத்தின சத்தம் கேட்டதும் பரீனா சாக்கை விலக்கினாள்.

"அக்கா, கை!" என்றாள் பரீனா. பிறகுதான் அவள் முகத்தைக் கண்டாள். "அவர்தானா?"

"ஓம்."

முதலாளி கதிரையில் பொத்தென்று விழுந்தார். "அல்லாவே, நான் அவனைச் சாகடிச்சுப்போட்டேனே."

"நானுந்தான் முதலாளி" என்றாள் புஸ்பராணி. "ரெண்டு பேருமாச் சேர்ந்து."

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். வழியில் பிடித்த ஒரே யோசனை, பாலத்துக்குக் கீழே நின்று கத்துவதற்கு நேரம் இருக்கிறது, ஒரு அழைப்பு எடுக்க நேரமில்லையா என்பதுதான். துறைமுகத்து மதிலோரம் நடக்க நடக்க அந்தக் கோபம் ஏறியது. ஏற ஏற நடை வேகமானது. பதினேழு மாதம் வராத பசி வயிற்றைப் பிராண்டியது.

இரத்தினசிங்கம் வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார். எப்போது எழுந்தார், எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். 

"இருக்கிறான்" என்றாள் அவள். "ரெண்டாயிரம் எண்டு போட்டிருக்கு. என்ர கண்ணால கண்டனான்."

அவர் சுவரை மற்றக் கையாலும் பிடித்தார். "என்ன செய்யிறான்?"

"என்ன செய்யிறானோ? கத்துறான். இங்கை கத்தின அதே கத்தல். கங்காணி இல்லை, அடிக்க ஆளில்லை. நாங்கள் இங்கை அவனுக்குக் கொள்ளி வைக்கத் தர்ப்பை வாங்கி வைச்சிருக்கிறம், துரை அங்கை நிண்டு பாட்டுப் படிக்கிறார்." குரல் உடைந்தது. "வரட்டும் ஒரு கோல். வரட்டும். காதைப் பிய்க்கிறன்."

"மெலிஞ்சு போனானே?"

"மெலிஞ்சுதான் போனான். தோள் மட்டும் அப்பிடியே கிடக்கு."

அவர் தன்னுடைய வலது தோளைத் தடவிக்கொண்டார். பிறகு சுவரை விட்டுவிட்டு, யாரும் பிடிக்காமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மூலைவரை போனார். தர்ப்பைக் கட்டை எடுக்கக் குனிய ஏலவில்லை. காலால் அதை வாசற்பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கொண்டு போய் ஐயரிட்டைக் குடு" என்றார். "இப்பவே போ. ஏழு மணிக்கு வந்து நிக்கப் போறார்."

அவள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். பின்னால் அவர் கேட்டார்:

"பாட்டு என்னவாம்?"

"ஆருக்குத் தெரியும்" என்றாள் திரும்பாமல். "பிரெஞ்சு. கங்காணியைத்தான் ஏசியிருப்பான்."